கரோலின் டீச்சரின் ஒரே இலக்கு

போன மாதம் எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி, பார்வையாளர் பதிவேட்டில் பச்சை மையால் இப்படி எழுதிவிட்டுப் போனார்: "சமூக அறிவியல் ஆசிரியை திருமதி கரோலின், கற்பித்தலில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த ஆர்வம் காட்டவில்லை. முன்னேற்றம் தேவை." அதன் கீழே கரோலின் டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

நான் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். பெயர் தாணுமாலையன். அந்த வரியைப் படித்ததில் இருந்து எனக்கு வயிறு எரிகிறது. அரைமணி நேரம் உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டுப் போன மனிதருக்கு இந்த அம்மாளைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அவர்மேல் மட்டும் எரிச்சல்பட்டு என்ன செய்ய? கரோலின் டீச்சர் இப்படி ஆனதில் எனக்கும் பங்கு உண்டு. அதையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன்.

பாளையங்கோட்டையில் இருந்து சீவலப்பேரி போகிற டவுன் பஸ்ஸில் ஏறினால், சீவலப்பேரிக்குக் கொஞ்சம் முந்தியே இறங்க வேண்டிய ஊர் எங்களுடையது. எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளி. ஒரு பக்கம் தாமிரபரணி, பின்பக்கம் வயலுக்குப் போகிற வாய்க்கால். நடுவில் ஊர் இருக்கிறது. கரோலின் டீச்சர் போன வருஷம் ஜூனில்தான் மாறுதலில் வந்தார். இரண்டு பேரும் ஒரே பஸ். எட்டேகால் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் சொன்னதில் இருந்துதான் அவர் கதை எனக்குத் தெரியும்.

சொந்த ஊர் உவரிப் பக்கம் கடற்கரை. அப்பா ஞானப்பிரகாசம் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். ஜி.பி.எஸ். பெட்டி கடற்கரைக்கு வந்த புதிதில் அவரும் ஒன்று வாங்கியிருக்கிறார். கடலுக்கு அடியில் மீன் அடைகிற பாறை எங்கே இருக்கிறது என்று அந்தப் பெட்டியில் குறித்துக்கொண்டு வருவார். கரைக்கு வந்ததும், ஈரக் கை காய்வதற்கு முன்பே, மகளைக் கூப்பிட்டு அதே எண்களை ஒரு நோட்டிலும் எழுதச் சொல்வார்.

"வெறும் நம்பர் ரெண்டு சார். அது ரெண்டும் சேந்தா நடுக்கடல்ல ஒரு இடம்" என்றார் டீச்சர். "மேப்புன்னா என்னன்னு எனக்கு அப்பம்தான் விளங்கிச்சு. பள்ளிக்கூடத்துல இந்தியாப் படத்துல கோதுமை விளையுத எடத்துக்கு மஞ்சக் கலர் அடிச்சதுல ஒண்ணும் விளங்கல."

அந்த நோட்டில் இருந்துதான் அவர் புவியியல் படிக்கப் போனது, ஆசிரியர் ஆனது, எல்லாம். கணவர் ஜெனிஷுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். முந்தைய பள்ளியில் ஸ்கிரீனுக்குப் பதில் வீட்டுப் படுக்கை விரிப்பைக் கட்டி, இரவல் புரொஜக்டரில் பிள்ளைகளுக்கு ஆற்றைக் காட்டியவர் டீச்சர். வெளுக்கும்போது அந்த விரிப்பில் சாக்பீஸ் தூள் போகவே இல்லையாம்.

இனி எங்கள் பள்ளி போர்டுக்கு வருகிறேன். 2024-ல் தொட்டால் எழுதுகிற பெரிய திரை ஒன்று எங்களுக்கு வந்தது. தலைமையாசிரியர் ஞானசம்பந்தன் தச்சநல்லூர்க்காரர். நெற்றி நிறையத் திருநீறும் மனசு நிறையப் பயமும் உள்ள நல்ல மனிதர். தணிக்கை என்ற சொல்லைக் கேட்டால் அவருக்கு வேர்த்துவிடும். "உடைஞ்சா யாரு வே பதில் சொல்லுதது?" என்று சொல்லி அந்தத் திரைக்குச் சிவப்புத் துணியில் உறை தைத்துப் போட்டார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மட்டும்தான் உறையைக் கழற்றினோம். பூமி உருண்டை, மணி, அலமாரி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பொட்டு. இருப்பதிலேயே பெரிய சாமான் இதுதானே என்று போர்டின் சட்டத்துக்கு நாலு பக்கமும் தாராளமாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார் தலைமையாசிரியர். சந்தனம் குழைத்துக் கொடுத்தவன் நான். கொஞ்சம் தண்ணியாகப் போய்விட்டது.

பூஜை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், இங்கே தொட்டால் அங்கே கோடு விழுகிறது. தொடாமலே கோடு விழுகிறது. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம். கம்பெனியைத் திட்டினோம், கரண்டைத் திட்டினோம். இணையத்தில் புகார் பதிந்தார் தலைமையாசிரியர். யாரும் வரவில்லை. போர்டு மறுபடியும் சிவப்புத் துணிக்குள் போய்விட்டது.

கரோலின் டீச்சர் வந்த இரண்டாவது வாரம், துணியைத் தூக்கிவிட்டு, டார்ச் லைட்டை அடித்துச் சட்டத்தின் உள்விளிம்பைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், இந்த வரம்புக்குள்ள இருந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் குறுக்க போவுது. விரல் அத மறைச்சாத்தான் தொட்டிருக்கோம்னு போர்டுக்குத் தெரியும். நீங்க அது கண்ணு பூராவும் சந்தனத்த அப்பி வச்சிருக்கீய."

காது குடைகிற பஞ்சுக் குச்சி ஒரு பாக்கெட், ஒரு டம்ளர் தண்ணீர். அரைமணி நேரம் சுரண்டினார். போர்டு வேலை செய்தது. எட்டு மாதம் எல்லோருமாகத் திட்டித் தீர்த்த கம்பெனிக்காரன் அங்கே எங்கேயாவது இருந்திருந்தால் அவன் காலில் விழுந்திருக்கலாம். நான் சிரித்தேன். தலைமையாசிரியரும் சிரித்தார்.

"அப்பம் அந்தக் கம்ப்ளைன்ட ரத்து பண்ணிருவோம் சார்" என்றார் டீச்சர்.

"அதுல ரத்து பண்ணுததுக்கு வழியே இல்ல டீச்சர். ஆளு வந்து பாத்து முடிச்சாத்தான் முடியும். வரும்போது வரட்டும். இனி இதுக்கு நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லி, இணையத்தில் பொறுப்பாசிரியர் என்று இருந்த இடத்தில் டீச்சரின் போன் நம்பரைப் போட்டார். எண்ணைத் தட்டும்போது நான் பக்கத்தில் நின்று வாசித்துக் கொடுத்தேன்.

ஜூலையில் வட்டார வள மையத்தில் பயிற்சி. கடைசியில் ஒரு தாள் கொடுத்தார்கள்: 'என் பாடத்தில் தொழில்நுட்பத்தை ஒருங்கிணைப்பதற்கான எனது ஐந்து இலக்குகள்.' மதியச் சாப்பாட்டுக்குள் வாட்ஸப் குழுவில் விடை வந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் தயாரித்தது. நாற்பது பேரும் அதைப் பார்த்து எழுதினோம். மூன்றாவது இலக்கில் வேறு ஒரு மாவட்டத்தின் பெயர் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் எழுதினோம். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்?

கரோலின் டீச்சர் மட்டும் தனியே உட்கார்ந்து ஒன்றே ஒன்று எழுதினார். "எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், 2023 டிசம்பர் வெள்ளம் தங்கள் ஊரில் எங்கே எவ்வளவு வந்தது என்பதைத் தாங்களே அளந்து படமாக்கி, வருகிற ஜனவரி 26 கிராம சபையில் தாங்களே விளக்க வேண்டும்." இரண்டு முதல் ஐந்து வரை அடைப்புக்குறி போட்டு, "மேலே சொன்னது நடந்தால் போதும்" என்று எழுதிக் கொடுத்தார். பயிற்சியாளர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐந்து இல்லாவிட்டால் இணையத்தில் ஏற்ற முடியாதாம். டீச்சர் அதே வாக்கியத்தை உடைத்து ஐந்தாக்கிக் கொடுத்தார். அளக்க வேண்டும், படமாக்க வேண்டும் என்று.

அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வெள்ளம் பாடப் புத்தகத்துச் சமாச்சாரம் இல்லை. அப்போது அவர்கள் ஆறாம் வகுப்பு. மூன்று நாள் எங்கள் பள்ளிக்கூடத்து வகுப்பறையில்தான் படுத்துக் கிடந்தார்கள். நான் அப்போது பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் பத்திரமாக இருந்தேன்.

இருபத்து மூன்று பிள்ளைகள், இரண்டு தையல் டேப், டீச்சரின் போன். ஆகஸ்டில் இருந்து வாரம் ஒரு சாயங்காலம் வீடு வீடாகப் போனார்கள். சுவரில் கறை இருந்தால் அதை அளப்பார்கள். இல்லாவிட்டால், "எதுவரைக்கும் வந்துச்சு, கையக் காட்டுங்க" என்று கேட்டு அளப்பார்கள். வீட்டுக்காரர் பேசுவதை டீச்சர் போனில் பதிவு செய்வார். மறுநாள் செயற்கைக்கோள் எடுத்த ஊர்ப் படத்தை போர்டில் விரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளியைத் தொட்டால் எத்தனை அடி என்று வரும், அந்த வீட்டுக்காரர் குரலும் கேட்கும். அறுபத்தொரு வீடு. என் கணக்கு வகுப்பில் தூங்கி வழிகிற பயல்கள், அடியை மீட்டராக்க என்னிடம் ஓடி வந்தார்கள். சொல்லக் கூடாது, எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அக்டோபர் ஆரம்பத்திலேயே படம் பேச ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தோம். கீழத்தெருவுக்குத் தண்ணீர் ஆற்றில் இருந்து முதலில் வரவில்லை. பின்னால் வாய்க்காலில் ஏறி வந்திருக்கிறது. கீழத்தெருவில் இருந்து மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வர ஒரே வழி, வாய்க்கால் மேல் இருக்கும் சின்னப் பாலம். முதலில் முழுகியதே அந்தப் பாலம்தான். அதை நாலடி உயர்த்த வேண்டும். இதைக் கண்டுபிடித்தது அதிகாரியும் இல்லை, நானும் இல்லை. பதின்மூன்று வயசுப் பிள்ளைகள். ஜனவரி 26-ல் இதைத்தான் அவர்கள் கேட்கப் போகிறார்கள்.

கீழத்தெருவின் கடைசி வீடு வேணி என்கிற பிள்ளையுடையது. அவள் அப்பா தளவாய் வயல் வேலைக்குப் போகிறவர். அவர் குரல்தான் அந்தப் படத்திலேயே நீளமானது, இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. நானும் கேட்டிருக்கிறேன்.

"விடியக்காலம் நாய் குலைச்சுச்சு. எந்திரிச்சுக் காலக் கீழ வச்சா சில்லுன்னு இருக்கு. ஆத்துப் பக்கம் பாத்தேன், அங்கன தண்ணியே இல்ல. பின்னால வாய்க்கா வழியாத்தான் வந்திருக்கு. மகளத் தோள்ல தூக்கிட்டுப் பாலத்துக்கு ஓடுனேன். பாலத்தக் காணும். கைப்பிடிச் சுவரு மட்டும் தெரியுது. அதப் பிடிச்சிக்கிட்டே பைய பைய நடந்தேன்." இங்கே அவர் இருமுவார். "இவ என் தலமுடியப் பிடிச்ச பிடி இருக்கே, இன்னும் வலிக்கி." சிரிப்பார்.

அக்டோபர் கடைசியில் சைக்கிளில் வயலுக்குப் போன தளவாயை லோடு வண்டி ஒன்று அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பத்து நாள் கழித்து வேணி பள்ளிக்கு வந்தாள். மதியம் மற்ற பிள்ளைகள் தட்டைக் கழுவிக்கொண்டு வரிசையில் நிற்க, இவள் கரோலின் டீச்சர் முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், அப்பாவப் போடுங்க டீச்சர்."

டீச்சர் போட்டார். கேட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டாள். மறுநாளும் வந்தாள். பிறகு டீச்சரைக் கேட்பதில்லை. நேரே போர்டுக்குப் போவாள், கடைசிப் புள்ளியைத் தொடுவாள், கேட்பாள், சாப்பிடப் போவாள். அந்த வீட்டில் இருந்தது பட்டன் போன் ஒன்று. போர்டையும் டீச்சரின் போனையும் விட்டால், தளவாயின் குரல் உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை.

ஒரு நகல் எடுத்து வைத்திருக்க வேண்டாமா என்று இப்போது யார் வேண்டுமானாலும் கேட்கலாம். டீச்சருக்கும் அது அப்போதே தோன்றியது. ஆண்டு விழாப் பாட்டைப் பென்டிரைவில் கொண்டுவந்த பயல் ஒருவன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைரஸ் ஏற்றிவிட்டதால், 'பென்டிரைவ் செருகக் கூடாது' என்று போர்டின் பக்கத்தில் தலைமையாசிரியர் தாள் ஒட்டியிருந்தார். டீச்சர் இரண்டு முறை அனுமதி கேட்டார். "பொறுங்க டீச்சர், மேல கேட்டுச் சொல்லுதேன்" என்றார். மேலே கேட்டாரா, தெரியாது. இணையத்தில் ஏற்றி வைக்கலாம் என்றால், எங்கள் ஊர் நெட்டில் ஒரு போட்டோ போய்ச் சேரவே ஒரு பீரியட் ஆகும். என்னிடமும் டீச்சர் புலம்பினார். "பள்ளிக்கூடத்துல இருக்கது எங்கன போயிரப் போவுது டீச்சர்?" என்று பெரிய மேதை மாதிரி பதில் சொன்னேன்.

நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தது. கரோலின் டீச்சருக்கு டவுனில் இரண்டு தெரு. பாதி நாள் பள்ளி, பாதி நாள் வீடு வீடாகப் படிவம். ஒவ்வொரு படிவத்தையும் போனில் படம் பிடித்து ஏற்ற வேண்டும். போனில் இடமில்லை என்று வந்தது. போர்டில்தான் இருக்கிறதே என்று அறுபத்தொரு குரலையும் போனில் இருந்து அழித்தார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் பதினொரு மணிக்குப் பைக்கில் ஒரு பையன் வந்தான், தோளில் பை. போர்டு கம்பெனி ஆள். பதின்மூன்று மாதம் முந்திக் கொடுத்த புகாருக்கு வந்திருக்கிறான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். இது கும்பிட்டதையே மறந்த பிறகு வந்த தெய்வம்.

போர்டைத் தொட்டுப் பார்த்தான். "வேலை செய்யுதே சார்?"

"செய்யுது. ஆனா கம்ப்ளைன்ட் அப்படியே நிக்கி. முடிச்சிட்டுப் போப்பா" என்றார் தலைமையாசிரியர்.

"முடிக்கணும்னா ரீசெட் போட்டு போட்டோ ஏத்தணும் சார். உள்ள ஏதாவது இருக்கா?"

"என்ன இருக்கு? புள்ளைய படம் வரைஞ்சி விளையாடும்." என் பக்கம் திரும்பினார். "தாணு, அந்த ஓடிபி கரோலினுக்குத்தான் வரும். ஒரு போனப் போடும்வே."

அந்தப் பையன் கேட்ட கேள்வியும் இவர் சொன்ன பதிலும் என் காதில் விழுந்தன. விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ரிங் போகிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் ஏழாம் வகுப்பு சந்தைக்கடையாகக் கத்திக்கொண்டு இருந்தது. சீக்கிரம் முடிந்தால் போய்விடலாம் என்ற ஒரே நினைப்பு.

டீச்சர் ஏதோ ஒரு தெருவில் வெயிலில் நின்றார். பின்னால் நாய் குரைத்தது.

"டீச்சர், ஒரு ஓடிபி வரும். சொல்லுங்க."

"எதுக்கு சார்?"

"போர்டு கம்ப்ளைன்ட் முடிக்கதுக்கு."

"அப்பாடா, முடிஞ்சாச் சரி" என்று சொல்லி ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக வாசித்தார்.

யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று இணையப் பாதுகாப்பு நாளில் பிள்ளைகளுக்கு உறுதிமொழி சொல்லிக் கொடுப்பவர் அவர். ஆனால் எங்கள் பிழைப்பு அப்படி. வருகைப் பதிவுக்கு ஓடிபி, சீருடைக்கு ஓடிபி, வங்கிக் கணக்குக்கு ஓடிபி. தலைமையாசிரியர் கேட்டால் சொல்வோம், கிளார்க் கேட்டால் சொல்வோம். யாரோ எதையோ முடிக்கிறார்கள், நம்மால் நிற்கக் கூடாது. அன்றைக்குக் காலையில் மட்டும் முப்பது நாற்பது எண்களை அவர் மற்றவர்களிடம் கேட்டும் தானே சொல்லியும் இருப்பார். கொஞ்ச நேரத்தில் 'எங்கள் சேவை எப்படி?' என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. ஒழிந்தது சனியன் என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் போர்டைத் திறந்தார். 'வணக்கம். மொழியைத் தேர்ந்தெடுக்கவும்' என்று வந்தது. தமிழைத் தொட்டார். வெள்ளையாக வந்தது. பக்கங்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார், அணைத்துவிட்டு மறுபடி போட்டார். நான் வாசலில் நின்றேன். அவர் அந்த வெள்ளைத் திரையில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டதும்தான் எனக்கு நேற்று நடந்தது முழுவதும் விளங்கியது. டீச்சர் அந்தக் கம்பெனிப் பையனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது: "அது போனா போனதுதான் மேடம். நீங்கதான மேடம் ஓடிபி சொன்னீங்க?"

தலைமையாசிரியருக்கு முகம் வெளுத்துவிட்டது. "முருகா. வேற வரைஞ்சிரலாம் டீச்சர்" என்றார். டீச்சர் அவரைப் பார்க்கவே இல்லை.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவரே சொன்னார்.

"நீங்க கேட்டீய, நான் குடுத்தேன். உங்களச் சொல்லி என்ன? எங்க அப்பா அஞ்சாங் கிளாஸ் சார். அவிய பெட்டிய நம்பல. ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுத வச்சாவ, என் கையாலயே. நான் இம்புட்டுப் படிச்சிட்டு, பிள்ளையளுக்கு ஒரு நோட்டு போடலியே சார்."

மதியம் வேணி வந்தாள். போர்டு வெறுமையாக இருந்தது. அவள் வீடு இருந்த மூலையில் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் வைத்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் விழுந்தது.

"வேணி, அழிஞ்சி போச்சும்மா. ஒரு நம்பர் கேட்டாவ. என்ன ஏதுன்னு பாக்காமக் குடுத்துட்டேன். நான்தான் குடுத்தேன்." டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

வேணி அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அதுக்கென்ன டீச்சர், கேட்டாக் குடுக்கத்தான செய்யணும்" என்றாள். "அப்பா பேர ரேசன் கார்டுல இருந்து எடுக்கதுக்கும் ஒரு நம்பர் வந்துச்சு. எங்கம்மா குடுத்தா."

சொல்லிவிட்டு வரிசைக்குப் போனாள். கரோலின் டீச்சர் அந்தச் சிவப்புத் துணியை எடுத்து போர்டின் மேல் போட்டார்.

படத்தை மறுபடி வரைய வேண்டும் என்று பிள்ளைகள்தான் ஒற்றைக் காலில் நின்றார்கள். இந்த முறை சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா. வீடு வீடாக மறுபடி அளக்கப் போனால், பொங்கல் வருகிறது என்று பாதி வீட்டில் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். இரண்டு வருஷமாகச் சுவரில் இருந்த கறை பொங்கலுக்கு முந்தின இரண்டு வாரத்தில் போய்விட்டது. சில பேர், "ஏற்கெனவே சொல்லியாச்சே, எத்தன தடவ சொல்ல?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அறுபத்தொன்றில் முப்பத்து நாலு தேறியது.

ஜனவரி 26. ஊராட்சி அலுவலகம் முன்னால் பந்தல். கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். முதல் வேலையாக வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் பாதிப் பேர் அப்படியே கிளம்பிவிட்டார்கள். தீர்மானங்களை எல்லாம் வாசித்து முடித்த பிறகு, "பள்ளிக்கூடத்துப் பிள்ளைய ஏதோ பேசணுமாம், ரெண்டு நிமிசம்" என்று மைக்கைக் கொடுத்தார்கள். இரண்டு பையன்கள் சார்ட்டைப் பிடித்துக்கொண்டார்கள். காற்றில் அது மடங்கி மடங்கி விழுந்தது. ஒருத்தி அளவு சொன்னாள், ஒருவன் பாலத்தைக் காட்டினான். யாரும் கவனித்த மாதிரி இல்லை. தலைமையாசிரியர் ஊராட்சி செயலரிடம் ஏதோ படிவத்தில் முத்திரை கேட்டுக்கொண்டு இருந்தார்.

பிறகு வேணி மைக்கை வாங்கினாள். இது திட்டத்தில் இல்லை.

"விடியக்காலம் நாய் குலைச்சுச்சு" என்று ஆரம்பித்தாள். "எந்திரிச்சுக் காலக் கீழ வச்சா சில்லுன்னு இருக்கு. ஆத்துப் பக்கம் பாத்தேன், அங்கன தண்ணியே இல்ல."

ஒரு சொல் மாறவில்லை. மகளைத் தோளில் தூக்கினேன் என்று அந்த மகளே சொன்னாள். அவர் எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கே மூச்சு வாங்கினாள். பைய பைய நடந்தேன் என்ற இடத்தில் அவர் இருமுவார். அந்த இடம் வந்ததும் வேணி அந்த இருமலின் நேரம் முழுக்கச் சும்மா நின்றாள். "இவ என் தலமுடியப் பிடிச்ச பிடி இருக்கே, இன்னும் வலிக்கி" என்று முடித்தாள். அவர் சிரித்த சிரிப்பு மட்டும் அவளுக்கு வரவில்லை. வேலியோரம் நின்ற கீழத்தெருப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் கண் மறைத்தது.

ஊராட்சி செயலர் அப்போதுதான் போனை எடுத்தார். "பாப்பா, நல்லா இருந்திச்சு. வீடியோ எடுக்க விட்டுப்போச்சு. இன்னொரு தடவ சொல்லு, மேல அனுப்பணும்."

"ஆமாம்மா, இன்னொரு தடவ சொல்லு. நம்ம பள்ளிக்கூடத்துப் பேரையும் முதல்ல சொல்லிரு" என்றார் தலைமையாசிரியர்.

கரோலின் டீச்சர் நேரே போய் வேணி கையில் இருந்த மைக்கை வாங்கி மேசையில் வைத்தார்.

"அவ சொல்லமாட்டா."

"டீச்சர், ஆதாரம் வேணும்லா?" என்றார் செயலர்.

"கேக்கணும்னா அவ சொல்லும்போதே கேட்டிருக்கணும் சார்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். தீர்மானப் புத்தகத்தில் பாலம் ஏறவில்லை. எழுதி முடித்துக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது, இனிமேல் சேர்க்க முடியாது என்றார்கள்.

அதற்குப் பிறகு அவர் போர்டைத் தொடவில்லை. கரும்பலகை, சாக்பீஸ், பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு. அந்த நேரத்தில்தான் அந்த அதிகாரி வந்தார், சிவப்புத் துணியைப் பார்த்தார், எழுதினார்.

எழுதியதோடு விடவில்லை. முன்னேற்றத் திட்டம் அனுப்பச் சொல்லி அதே தாள் மறுபடி வந்தது. 'என் பாடத்தில் தொழில்நுட்பத்தை ஒருங்கிணைப்பதற்கான எனது ஐந்து இலக்குகள்.' போன திங்கட்கிழமை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டே டீச்சர் கேட்டார்.

"தாணு சார், அன்னைக்கு வாட்ஸப்புல வந்த அந்தத் தாள் உங்ககிட்ட இருக்கா?"

இருந்தது. அனுப்பினேன். மதியம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, அழகான கையெழுத்தில், ஐந்தையும் பார்த்து எழுதினார். மூன்றாவது இலக்கில் இருந்த அந்த வேறு மாவட்டத்தின் பெயரை நான் விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதையும் அப்படியே எழுதினார்.

இந்த முறை தாள் திரும்பி வரவில்லை.